கயிற்றின் இந்த முனை

டேங்குக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தபோது கயிற்றக்கா ஊசியில் நூல் கோக்க முடியாமல் தன் கண்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைக்குப் பழைய துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு சின்ன மெத்தை தைக்கிற வேலை. நூல் ஊசியின் காதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனதே தவிர உள்ளே நுழைவேனா என்றது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிரிப்பு வந்தது. யாரோ கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டதுபோல மூச்சு முட்டுகிற, விடாத சிரிப்பு. இரும்புச் சுவர்களில் மோதி வெளியே வரும்போது அது ஒருவர் சிரிப்பதாகவே இல்லை. நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து யாரையோ கேலி பேசிச் சிரிப்பதுபோல இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அவளுடைய வீட்டுக்காரர்.

அவள் கயிற்றை ஒருமுறை இழுத்தாள். சிரிப்பு கத்தரித்தாற்போல நின்றது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தும் ஒரு இழுப்பு வந்தது. வெளியே இருப்பவர் ஒருமுறை இழுத்தால் ‘நல்லா இருக்கியா’ என்று கேள்வி. உள்ளே இருப்பவர் ஒருமுறை இழுத்தால் ‘நல்லா இருக்கேன்’ என்று பதில். மூன்றுமுறை இழுத்தால் வெளியே வா என்று அர்த்தம். கயிற்றின் பாஷை அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தாங்கள் இருவரும் சண்டை போடாமல் பேசிக்கொண்டது இந்தக் கயிறு வழியாகத்தான் என்று மகளிடம் அவள் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அது இரும்பு டேங்குகள் செய்கிற பட்டறை. கல்லும் மணலும் கொட்டி உரசினாலும் தேயாத ஒரு ரக இரும்பு. தகடுகளை வளைத்து, அவை சேரும் கோட்டை வெளிப்பக்கம் ஒருமுறை பற்றவைத்த பிறகு, ஒரு ஆள் உள்ளே போய் அதே கோட்டை உள்பக்கமாக இன்னொருமுறை பற்றவைக்க வேண்டும். உள்ளே போக சைக்கிள் சக்கர அளவுக்கு ஒரு ஓட்டை. பட்டறையில் அதை வாய் என்பார்கள். குறுக்குத் தகடுகள் இருப்பதால் உள்ளே உடம்பைத் திருப்ப இடம் கிடையாது. தலையை விட்டு ஊர்ந்து போனவர், காலை முன்னே விட்டுப் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வர வேண்டும். உள்ளே ஒருவர் போனால் இடுப்பில் கயிறு கட்டி அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது விதி. முன்பு அந்த வேலையில் இருந்தவன் உட்கார்ந்த இடத்திலேயே குறட்டை விடுகிறவன். அவனை மாற்றியபோது மேஸ்திரிதான், “பொண்டாட்டியவிட உஷாரா வேற யாரு காவல் காப்பா?” என்று அவளை வரச் சொன்னார்.

முதல் நாள் அவள் முடிச்சுப் போட்டபோது வீட்டுக்காரர், “கழுத்துல கட்டாம இடுப்புல கட்டுறியே, அது வரைக்கும் புண்ணியம்” என்றார். பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் கயிற்றக்கா. அவர் அதற்கும் முன்பிருந்தே நூலண்ணன். அவர் பற்றவைத்த கோடு நூல் பிடித்ததுபோல நேராக இருக்கும். தடவிப் பார்த்தால் விரலுக்கு ஒரு மேடு பள்ளம் தட்டாது. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. புகையை வெளியே தள்ள ஒரு விசிறி வாங்கி வைத்திருந்தார்கள். காற்று பட்டால் கோட்டில் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும் என்று அதை நிறுத்தச் சொன்னவரே நூலண்ணன்தான். அதனால் அந்த விசிறி மேஸ்திரியின் மேசைக்குப் பக்கத்தில் நின்று மேஸ்திரிக்குச் சேவகம் செய்துகொண்டிருந்தது. புகை தன்னால் வாய் வழியாக வெளியே வந்து, கயிற்றக்காவின் முகத்தைத் தடவிக்கொண்டு மேலே போகும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். பட்டறையில் எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால் யாரும் அதை ஒரு பேச்சாக எடுப்பதில்லை.

கயிற்றில் இன்னொரு விஷயமும் இருந்தது. பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அதில் சன்னமாக ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் அப்படி இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. எப்போது வந்தது என்றும் தெரியாது. ஆனால் வந்த பிறகு அது பெரிய தைரியமாகிவிட்டது. புகையில் உள்ளே ஒன்றும் தெரியாது. இரும்பைத் தேய்க்கும் இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தால் ஒன்றும் கேட்காது. கயிறு நடுங்கினால் மனுஷன் இருக்கிறார், கை வேலை செய்கிறது என்று அர்த்தம். மேஸ்திரியும் அதையே சொல்லியிருந்தார். “கயிறு ஆடுற வரைக்கும் கவலையே இல்ல கயித்தக்கா. நின்னாத்தான் ஓடி வந்து சொல்லணும்.” இதனால் அவள் நடுக்கத்தை மடியில் பூனைக்குட்டியை வைத்திருப்பதுபோலச் சந்தோஷமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

நூலண்ணன் வெளியே வந்தார். முதலில் செருப்பு, பிறகு முழங்கால், பிறகு முதுகு. அது கொஞ்ச நாளாகவே ரொம்ப நேரம் பிடிக்கிற காரியமாகியிருந்தது. முகத்தை மூடியிருந்த கவசத்தைக் கழற்றினார். உள்ளே இருந்த முகமும் கவசம்போலவேதான் இருந்தது.

“என்னத்துக்கு அப்படிச் சிரிச்சீங்க?” என்று கேட்டாள்.

“யாரு சிரிச்சா?” என்றார் அவர்.

மகள் குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். குழந்தை சிரிக்கக் கற்றுக்கொண்ட புதிது. யாரைப் பார்த்தாலும் சிரிக்கும். சிரித்துவிட்டு எதிராளி திருப்பிச் சிரிக்கிறாரா என்று கறாராகக் காத்திருக்கும். பால்காரர் சிரித்தார், பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள், மின்சார மீட்டர் பார்க்க வந்த சிடுமூஞ்சிகூட வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நூலண்ணன் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. காத்திருந்தது. இன்னும் அகலமாக, ஈறு முழுக்கத் தெரியச் சிரித்தது. மறுபடி காத்திருந்தது. பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. உதடு பிதுங்கியது. இது யார் என்று கேட்பதுபோலத் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வீல் என்று அலற ஆரம்பித்தது.

மகள் வந்து வாங்கிக்கொண்டாள். “ஏன்ப்பா, புள்ள சிரிக்குதுல்ல? நீங்களும் ஒரு சிரிப்பு சிரிச்சா என்ன, கொறஞ்சா போயிருவீங்க?”

“சிரிச்சேனே” என்றார் நூலண்ணன். குரல் அடங்கி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. மனைவியைப் பார்த்தார். “சிரிச்சேன்ல? நீ பாத்தேல்ல?”

கயிற்றக்கா, “சிரிச்சீங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தண்ணீர் மொண்டு குடித்தபோது டம்ளர் பல்லில் பட்டு டக்டக்கென்றது. இவ்வளவு பயந்துபோய்விட்டோமே என்று தன்னையே கடிந்துகொண்டாள். பின்னாலேயே மகள் வந்து, “அம்மா, அப்பாவுக்கு என் மேல எதுவும் கோவமா? வந்ததுல இருந்து ஒரு மாதிரி முறைச்சுக்கிட்டே இருக்காரு” என்று கேட்டாள். அவள் டம்ளரைக் கழுவி வைப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் துண்டு எடுக்கப் போனபோது குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. நூலண்ணன் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தார். ஷேவ் செய்யவில்லை. இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் உதட்டின் இரண்டு ஓரங்களில் வைத்து மேலே தூக்கினார். கண்ணாடியில் ஒரு சிரிப்பு தெரிந்தது. விரல்களை எடுத்தார். உதடுகள் அவசரமே இல்லாமல் பழைய இடத்துக்கு இறங்கின. மறுபடி தூக்கினார். கண்கள் இமைக்கவே இல்லை. கயிற்றக்கா துண்டில்லாமலேயே திரும்பி வந்துவிட்டாள்.

அவளுக்கு அன்று வந்த நினைப்பை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் பைத்தியம் என்பார்கள். உள்ளே போனவர் வேறு, வெளியே வந்தவர் வேறு என்று தோன்றியது. என்றைக்கோ ஒரு நாள், புகை அதிகமாக இருந்த ஒரு நாளில், அவள் கட்டிய முடிச்சை யாரோ அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்துவிட்டார். அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அவர் படுக்கையில் அசையாமல் கிடக்கிறார். அசல் ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், இருட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டு. அவளை இந்த நினைப்பு பகலிலும் விடவில்லை. கயிற்றை இழுத்துக் கேட்கும்போதெல்லாம் பதில் எந்த ஆளிடமிருந்து வருகிறது என்று சந்தேகமாக இருந்தது.

நடையும் மாறியிருந்தது. குதிகால் தரையில் படாமல் முன்னங்காலில் எக்கி எக்கி நடந்தார். வாசலில் எதிரே யாராவது வந்தால் ஒதுங்க ஓரடி பின்னால் வைக்க மாட்டார். வைக்கப் போனால் தள்ளாடுவார். நின்ற இடத்திலேயே குட்டி குட்டி அடியாக வைத்து முழு வட்டமாகத் திரும்பி வந்த வழியே போவார். பட்டறையில் அதைப் பார்த்து, “அண்ணனுக்கு ரிவர்ஸ் கியர் கழண்டு போச்சுடா” என்றார்கள். அனுபவம் ஏற ஏற ஆளுக்கு வருகிற நிதானம் என்று மேஸ்திரி அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். வாய் பேசாமல், முகம் சுளிக்காமல், எவ்வளவு நேரமானாலும் உள்ளேயே கிடக்கிற ஆளைக் குறை சொல்ல எந்த மேஸ்திரிக்கு மனசு வரும்?

பிறகு அந்த நாள் வந்தது. மதியத்துக்குமேல் டேங்கின் வாய்க்குள் தெரிந்துகொண்டிருந்த நீல வெளிச்சம் அணைந்தது. வேலை முடிந்தது, வருவார் என்று கயிற்றக்கா கயிற்றைச் சுருட்டத் தயாரானாள். வரவில்லை. ஒருமுறை இழுத்தாள். பதில் இல்லை. மூன்றுமுறை இழுத்தாள். கயிறு விறைத்து நின்றது, ஆனால் நடுக்கம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மேஸ்திரியிடம் ஓடினாள்.

“கயிறு ஆடுதா?”

“ஆடுது.”

“அப்புறம் என்ன? வெல்டிங் ராடு மாத்திக்கிட்டு இருப்பாரு.”

அவள் திரும்பி வந்து வாய்க்குள் தலையை விட்டுக் கூப்பிட்டாள். அவள் குரலே உருண்டு உருண்டு திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை, இருமல்கூட இல்லை. அதற்குமேல் யார் சொல்வதையும் கேட்க அவள் தயாராக இல்லை. கத்திய கத்தலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். வேறு பட்டறையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த மொட்டை என்கிற வெல்டர் டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போனார். நூலண்ணனின் கால்களைப் பிடித்து இழுத்துக்கொண்டே பின்னால் ஊர்ந்து வந்து, எல்லோருமாகச் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். அவர் மயங்கியிருக்கவில்லை. கண் திறந்தே இருந்தது. மொட்டை மூச்சு வாங்கிக்கொண்டு, “சும்மா படுத்திருக்காருங்க. முன்னாடி இருக்கற தகட்டையே பாத்துக்கிட்டு” என்றார்.

நூலண்ணன் மெல்லிய குரலில் சொன்னார். “வரணும்னுதான் நெனச்சேன். நெனச்சுக்கிட்டே இருந்தேன். உடம்பு கேக்கல.”

ஆபத்து இல்லை என்று தெரிந்த நிம்மதியில் யாரோ ரிவர்ஸ் கியர் என்று ஆரம்பித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்த பிறகு நூலண்ணன் தனியாகச் சிரிக்க ஆரம்பித்தார். முகத்தில் எதுவும் அசையாமல், தொண்டையிலிருந்து மட்டும் அந்தச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக அங்கிருந்து நகர்ந்து போனார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒரு பெண். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேள்வி கேட்கிற பழக்கம். விரலைத் தட்டச் சொன்னார், கையைத் திருப்பச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, “இப்ப அப்படியே பின்னாடி நடந்து வாங்க பாப்போம்” என்றார். நூலண்ணன் யோசித்தார். ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்தார். அடுத்த கால் வரவில்லை. உடம்பு மட்டும் வந்தது. ஏணி சாய்வதுபோலக் கை நீட்டித் தடுக்காமல், முழங்கால் மடங்காமல் விழுந்தார். டாக்டர் இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தார். பிடிக்கத் தயாராகவே அங்கே போய் நின்றிருக்கிறார் என்பது கயிற்றக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

மூளையைப் படம் எடுத்துத் திரையில் காட்டினார்கள். சாம்பல் நிறத்துக்கு நடுவில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு வெள்ளைத் திட்டுகள் பளிச்சென்று இருந்தன. உள்ளே யாரோ இன்னும் பற்றவைத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

“இரும்பு உறுதியா இருக்கணும்னு அதுல மாங்கனீசுனு ஒண்ணு சேப்பாங்க. நீங்க எரிக்கிற ராடுலயும் அது இருக்கும்” என்றார் டாக்டர். “காத்தே வராத இடத்துல அந்தப் புகைய வருஷக்கணக்கா இழுத்தா, அது போய் மூளைல உக்காந்துக்கும். நடை, பேச்சு, முகம் எல்லாத்தையும் புடிச்சுக்கும். சிரிப்பு அழுகைகூட நம்ம கையில இருக்காது.”

“மருந்து குடுத்தா முகம் திரும்பி வருமா டாக்டர்?” என்று கயிற்றக்கா கேட்டாள். நோய் போகுமா என்று கேட்கத்தான் நினைத்தாள்; வாயில் வந்தது முகம்தான்.

டாக்டர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். “மருந்து எழுதித் தரேன். அது பெருசாக் கேக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். போனது முழுசா வராதும்மா. இன்னும் போகாம இருக்கணும்னா இன்னொரு தடவ உள்ள போகவே கூடாது. அங்க வேலை செய்யற மத்தவங்களையும் ஒரு தடவ வந்து காட்டச் சொல்லுங்க. ஆமா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“நானா? நான் ஒண்ணும் பண்றதில்ல டாக்டர். இவரு உள்ள இருக்கறப்ப வெளிய கயித்தப் புடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பேன்.”

டாக்டர் அவள் கைகளைப் பார்த்தார். என்னவோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஸ்ட்ரெச்சரும் அதற்குப் பின்னால் ஒரு கூட்டமும் வந்துவிட்டது.

இன்னொரு தடவை உள்ளே போகக் கூடாது. வீடு திரும்பும் வழியெல்லாம் கயிற்றக்காவின் மனதில் இது ஒன்றுதான் ஓடியது. நடந்தது நடந்துவிட்டது, மிச்சமிருக்கிற ஆளையாவது காப்பாற்றியாக வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் நூலண்ணன் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். மகள் அழுதாள். குழந்தையும் சேர்ந்து அழுதது.

“உள்ள போனாத்தான் நான் நல்லா இருக்கேன்” என்றார் அவர். “வெளிய எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது. பேச்சு வரல, நடை வரல. அங்க கோடு இன்னும் நேராத்தான் வருது. வேணும்னா வந்து தடவிப் பாரு.”

பட்டறையில் அவரே கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுமுனையை அவளிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “நான் புடிக்க மாட்டேன். நான் புடிக்காம யாரும் உங்கள உள்ள விட முடியாது. இவ்வளவு நாள் உங்கள நானே உள்ள அனுப்பிட்டு உக்காந்திருந்தேன். போதும்.”

அவர் நீட்டிய கையை இறக்கவில்லை. முகம் அப்படியே இருந்தது, கல்லில் செதுக்கினாற்போல. அந்த முகத்திலிருந்து இரண்டு கண்களிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அது தன்னால் வருகிற நோயின் கண்ணீரா, அவருடைய கண்ணீரா என்று கயிற்றக்காவுக்குத் தெரியவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட அசல் ஆள்தான் அழுகிறார் என்று நம்ப வேண்டும்போல இருந்தது. அவள் கிட்டே போய், முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை அவர் இடுப்பிலிருந்து உருவினாள். முடிச்சு விரலுக்கு வசப்படாமல் ரொம்பப் படுத்தியது. அவர் தடுக்கவில்லை.

மேஸ்திரி ஒன்றும் அரக்கர் இல்லை. டேங்கை முடித்துக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்ட மனிதர், அவ்வளவுதான். டாக்டர் சொன்னதை அவளிடம் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். டாக்டர் வைத்த சோதனையைக் கேள்விப்பட்டு, டீ இடைவேளையில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக முற்றத்தில் பின்னால் நடந்து பார்த்தார்கள். முதலில் கேலியும் பந்தயமுமாக ஆரம்பித்தது. பிறகு பேச்சு குறைந்தது. வரிசையாக, முகத்தைக் காட்டிக்கொண்டே விலகிப் போகிற ஆண்களைப் பார்த்துக்கொண்டிருக்கக் கயிற்றக்காவுக்கு என்னவோபோல இருந்தது. கடைசியில் போன ஒருவர் பாதி வழியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டு, செருப்பு வழுக்கிவிட்டது என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் தம் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்கள்.

“அண்ணன் இனிமே உள்ள போக வேணாம்” என்று மேஸ்திரி ஒத்துக்கொண்டார். “வெளிய ஒரு ஸ்டூல் போட்டு உக்காரட்டும், கோட்டப் பாத்து நல்லது கெட்டது சொல்லட்டும். சம்பளத்துல கை வைக்க மாட்டேன். உள்ள மொட்டை போகட்டும். விசிறியும் வச்சுத் தரேன். நீ மட்டும் கயித்த விட்டுறாத கயித்தக்கா. இந்த நேரத்துல வேற ஆளுக்கு நான் எங்க போவேன்?”

கயிற்றக்கா ஜெயித்துவிட்டாள். மலையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. விசிறியை டேங்கின் அடுத்த கோடியில் இருந்த சின்னத் துளையில் பொருத்தினார்கள். அது உள்ளிருந்த புகையையெல்லாம் திரட்டி வாய் வழியாக வெளியே தள்ளியது. அவள் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, மொட்டையின் கயிற்றைக் கையில் சுற்றி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஸ்டூலில் நூலண்ணன். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையின் மெத்தை மடியில் பாதி தைத்துக் கிடந்தது.

அப்படியே சில நாட்கள் போயின. ஒரு நாள் மதியம் நூலண்ணனைக் கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்த் திரும்பக் கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். மொட்டை உள்ளே வேலையாக இருக்கிறார், கயிற்றை விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று பதறிக்கொண்டு அதை எடுத்துக் கையில் சுற்றினாள். கயிறு நடுங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டவள், விட்ட மூச்சைப் பாதியில் நிறுத்தினாள்.

இந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும். கை வேலை செய்வதால் வருகிற ஆட்டம் இல்லை இது. நூலண்ணன் உள்ளே இருந்தபோது கயிற்றில் ஓடிய அதே சன்னம், அதே தாளம்; அது நோயின் நடுக்கமாகத்தான் இருக்க வேண்டும். மொட்டை வந்து சேர்ந்தே கொஞ்ச நாள்தானே ஆகிறது, அதற்குள் அந்த மனுஷனையும் பிடித்துவிட்டதா? விசிறி போட்டும் பிடித்துவிட்டதா? ஒருமுறை இழுத்தாள். பதில் இல்லை. மூன்றுமுறை இழுத்தாள். கயிறு விறைத்து நின்றது, நடுக்கம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வாய்க்குள் தலையை விட்டு, “தம்பி! தம்பி! வெளிய வந்துருங்க!” என்று அலறினாள்.

“யாரக் கூப்புடுறீங்கக்கா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

டீ டம்ளரோடு மொட்டை நின்றிருந்தார். “நான் அப்பவே வெளிய வந்துட்டேனே. நீங்க அண்ணனக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தீங்க. கயிறு உள்ள விழுந்துறக் கூடாதேனு என் பக்கத்து முனைய வாய்க்கு உள்பக்கம் இருக்கற கொக்கியில கட்டி வச்சேன். உள்ள யாரும் இல்லக்கா.”

கயிற்றக்கா கயிற்றைப் பார்த்தாள். அவள் கையிலிருந்து கிளம்பி, டேங்கின் வாயைத் தாண்டி இருட்டுக்குள் போகிற கயிறு. அது நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தரையில் வைத்தாள். கயிறு அசையாமல் கிடந்தது. குனிந்து மறுபடி எடுத்தாள். நடுங்கியது. கீழே வைத்தாள். நின்றது. ஊசி நினைவுக்கு வந்தது; பல்லில் தட்டிய டம்ளர் நினைவுக்கு வந்தது. அவிழ மாட்டேன் என்று அடம்பிடித்த முடிச்சு நினைவுக்கு வந்தது. இத்தனை நாளும் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அவள் மடியில் வைத்துக் கொஞ்சியது எந்த முனையிலிருந்து வந்தது? மொட்டை டீயைக் குடிக்க மறந்து நின்றார். அவள் கயிற்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்டூல் கிரீச்சிட்டது. நூலண்ணன் எழுந்திருந்தார். முன்னங்காலில் எக்கி எக்கி டேங்கிடம் போனார். வாய்க்குள் கையை விட்டுத் துழாவி, கொக்கியிலிருந்த முனையை அவிழ்த்து எடுத்தார். பிறகு நின்ற இடத்திலேயே குட்டி குட்டி அடியாக வைத்து, முழுவதும் திரும்பி அவளைப் பார்த்து நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. கண் இமைக்கவில்லை. கயிற்றை விறைப்பாகப் பிடித்து ஒருமுறை இழுத்தார்.

ஒரே ஒருமுறை, வெளியே இருப்பவர் கேட்கிற கேள்வி. பிறகு பதிலுக்குக் காத்திருந்தார். இருவருக்கும் நடுவில் கயிறு விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.